கீழ்த்தளத்துப் பையன்கள்

பள்ளியின் பின்பக்கம், முன்னொரு காலத்தில் நிலக்கரி இறக்கிய வாசலுக்கு எதிரே அண்ணனின் பிக்-அப் வண்டி நிற்பதைப் பார்த்ததும் வெர்லீனுக்கு மனசு குளிர்ந்தது. வரமாட்டேன் என்று சொன்னவன் வந்துவிட்டானே. அந்த வாரம் முழுக்கப் போனில் கெஞ்சியிருந்தாள். "அண்ணே, எஞ்சினியர் வர்ற அன்னைக்கு நீயும் வந்து நில்லு. இங்க படிச்சவங்க நாலு பேர் நின்னாத்தான் ஒரு மதிப்பு." அதற்கு ஹோரேஸ், "உன் அரண்மனையை நீயே சுத்திக் காட்டு. எனக்கு முட்டி வலி," என்று போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி மாதம். ஏரியிலிருந்து வந்த காற்று முகத்தை அறுத்தது. கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் காலி. மீதி வீடுகளின் புகைபோக்கிகளில் மட்டும் உயிர் இருந்தது. நடுவில் ஹாஸ்கின்ஸ் உயர்நிலைப் பள்ளி, ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்து, கண் கட்டின யானை மாதிரி நின்றது. மூடிப் பதினொரு வருடம் ஆகிவிட்டது.

அன்று மதியம் ஒரு மணிக்கு, கட்டடத்தை வாங்க முன்வந்திருந்த கம்பெனியின் எஞ்சினியர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் தாங்கும் என்று சொன்னால் வகுப்பறைகள் வயதானவர்களுக்கான வீடுகளாகும். தாங்காது என்றால் அடுத்த வருடம் இடிப்பு இயந்திரம் வந்து நிற்கும். இந்த ஒரு நாளுக்காகத்தான் வெர்லீன் டாக்கெட் நான்கு வருடம் அலைந்தாள். கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து, ஆயுசு முழுக்க மற்றவர்கள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எடுத்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவியாகி, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாள். லைப்ரரியில், சர்ச்சில், நகராட்சிக் கூட்டத்தில் ஹாஸ்கின்ஸின் கதையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. வாசலின் ஆறு தூண்கள், மார்பிள் படிக்கட்டு, மண்டபக் கூரையில் சுண்ணச் சாந்தில் செய்த ஆந்தைகள், இங்கே படித்து நீதிபதியானவர், ஐரோப்பா வரைக்கும் போய்ப் பாடியவள்.

ஒரே ஒரு தலைவலி திருடர்கள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து யாரோ உள்ளே புகுந்து செம்பையும் பித்தளையையும் அறுத்துக்கொண்டு போனார்கள். போன கூட்டத்தில் அவளுடைய சிநேகிதி எர்னஸ்டீன் எழுந்து, "என் கையில மட்டும் கிடைக்கட்டும், அந்த வகுப்பறை ரேடியேட்டர்லயே கட்டி வச்சிடறேன்," என்றபோது எல்லோரும் கை தட்டினார்கள். வெர்லீனும்தான் தட்டினாள்.

நிலக்கரி வாசலின் பலகை கழன்று சுவரோரம் சாத்தியிருந்தது. வெர்லீன் உள்ளே தலையை நீட்டினாள். கீழிருந்து சத்தம் வந்தது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி தொடங்கும்.

திருடன் உள்ளேதான் இருக்கிறான், அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தனியாக இறங்கியிருக்கிறான். அறுபத்தெட்டு வயசில் இவனுக்கு எதற்கு இந்த வீரம். போலீசைக் கூப்பிட்டால் வண்டி வர எத்தனை நேரமாகுமோ, அதற்குள் எவனாவது கம்பியால் அடித்துப் போட்டால்? டார்ச்சை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படி இறங்கினாள்.

கீழ்த்தளத்து நடை இருட்டாக நீண்டது. தரையில் உருகின பனித் தண்ணீர். கடைசியில், பாய்லர் அறைக்கு முன்னால், ஒரு வெளிச்சம் ஆடியது. ஏணி மேல் ஒருவன், நெற்றியில் விளக்கு, கையில் பேட்டரி ரம்பம். கூரையோரம் ஓடிய நீராவிக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தான். தொடை தடிமன் குழாய். அறுத்த துண்டுகள் சுவரோரம் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. அந்த அடுக்கில் ஒரு ஒழுங்கு இருந்தது.

வெர்லீன் வெளிச்சத்தைச் சுற்றிலும் அடித்து இன்னொரு ஆளைத் தேடினாள். யாருமில்லை.

"அண்ணே."

ரம்பம் நின்றது. ஹோரேஸ் திரும்பிப் பார்த்தான். திடுக்கிடவில்லை.

"மத்தியானத்துக்கு மேலதான் வருவேன்னு நினைச்சேன்," என்றான்.

"ரெண்டு மாசமா நீதானா?"

"செம்பு, பித்தளை, அந்தத் தண்ணிக் குழாய், அதெல்லாம் வேற பசங்க. நான் இது மட்டுந்தான்."

"இது மட்டுந்தான்னா? இது என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"எனக்கும் உனக்கும் ஒரே அப்பன்தான். பார்த்துப் பேசு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "இந்த இரும்புக்கு என்ன கிடைச்சிடும்? பணம் வேணும்னா என்கிட்ட வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? ஒரு மணிக்கு ஆள் வருது அண்ணே. இன்னைக்கா உனக்கு நாள் கிடைச்சுது?"

"இன்னைக்குத்தான் கிடைச்சுது. நாளைக்கு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா இது அவங்களுது." ஹோரேஸ் ரம்பத்தை ஏணியின் மேல்தட்டில் வைத்தான். குழாயை உள்ளங்கையால் தட்டினான், மாட்டைத் தட்டுகிற மாதிரி. "இதை யாரு போட்டாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"யாரு போட்டா என்ன?"

"நான் போட்டேன். நானும் இன்னும் பதிமூணு பேரும். எழுபத்து மூணுல."

அவளுக்கு அந்த வருடம் நினைவிருந்தது. ஒன்பதாம் வகுப்பு. மூன்றாவது மாடியில் கோட்டு போட்டுக்கொண்டே லத்தீன் படித்தார்கள். பழைய பாய்லர் செத்துப் போயிருந்தது. அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் அறையைச் சூடாக்கும் ஜன்னலோரத்து ரேடியேட்டர் உஸ்ஸென்று மூச்சு விட்டு, தொட்டால் சுட்டது. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். வகுப்பே கை தட்டியது. அன்றைக்குத்தான் அவள் கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினாள்.

"நீங்க அப்ப வேலை கத்துக்கிட்டீங்க," என்றாள். "தொழில் வகுப்பு."

"கத்துக்கிட்டதெல்லாம் முதல் ஒரு மாசத்துல முடிஞ்சுது. அப்புறம் வேலைதான். கணக்கு வகுப்பைத் தூக்கிட்டாங்க, இங்கிலீஷைத் தூக்கிட்டாங்க. சனிக்கிழமையும் வரச் சொன்னாங்க. சம்பளம் கேட்டதுக்கு, 'முடிச்சுக் குடுங்கடா, குழாய் வேலைக்காரங்க யூனியன் கார்டு வாங்கித் தர்றேன், அப்புறம் வாழ்நாள் பூரா சம்பளந்தான்'னாரு வாத்தியார். இந்தக் குழாய் ஒவ்வொண்ணும் என்ன கனம் தெரியுமா? என் முட்டி போனது எங்கேன்னு நினைக்கிற?"

"கார்டு..."

"முடிச்சுக் குடுத்துட்டுப் பதினாலு பேரும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு யூனியன் ஆபீசுக்குப் போனோம். வெள்ளைக்காரப் பசங்க உள்ள போயிட்டு வெளிய வந்துகிட்டிருந்தாங்க. கறுப்புப் பசங்க எங்களை வாசல்லயே நிறுத்திட்டான். இந்த வருஷம் இடமில்லைன்னான். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னான். அதுக்கு மேல நான் போகல. உனக்குத்தான் தெரியுமே, பஸ் டிப்போவுல பஸ்ஸைக் கழுவி ரிட்டயர் ஆனேன்."

வெர்லீன் டார்ச்சைத் தாழ்த்தினாள். கோர்ட்டில் எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்ட காது. தன் வீட்டு ஆள் சொல்லி இதை ஒருநாளும் கேட்டதில்லை.

"உன் பேச்சை ரெண்டு தடவை கேட்டேன்," என்றான் ஹோரேஸ். "பின்னால நின்னுக்கிட்டு. தூணு, மார்பிளு, ஆந்தை. அந்த ஆந்தைக்கு எத்தனை இறகுன்னுகூடச் சொன்ன. கீழ்த்தளம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லல."

"மறந்துட்டேண்ணே."

"மறக்கல. மறக்கணும்னா முதல்ல தெரிஞ்சிருக்கணும்."

அது சுருக்கென்று தைத்தது. தைத்த வேகத்தில் கோபமும் வந்தது. "சரி, எனக்குத் தெரியாது. தப்புதான். அதுக்காகக் கட்டடத்தையே அறுத்துப் போடுவியா? இதை இந்த நிலையில அவர் பார்த்தா என்ன எழுதுவாரு? எறங்கு. வண்டியை எடுத்துட்டுப் போயிடு. நான் உன்னைப் பார்க்கல."

"பாதி அறுத்துட்டேன். பாதியில விட்டா ஆபத்து. இந்த ஒரு வெட்டு."

"எறங்குன்னு சொல்றேன்ல." ஏணியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். சின்ன வயசில் ஆப்பிள் மரத்தில் ஏறிய அவனை அப்படித்தான் இறக்குவாள்.

"விடு வெர்லீ. ஏணியை விடு."

அவள் விட்டாள். ஆனால் அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். குழாயைக் கூரையோடு பிடித்திருந்த கொக்கிகளில் ஒன்று மெதுவாக வாய் திறந்தது. துரு பொடிப்பொடியாக அவன் தொப்பி மேல் உதிர்ந்தது.

"சுவரோட ஒட்டிக்க," என்றான் ஹோரேஸ். குரலை உயர்த்தவே இல்லை. "இப்பவே."

அவள் சுவரில் முதுகு மோதும்படி பின்வாங்கினாள். பாதி அறுந்த இடம் முறிந்தது. குழாய் ஏணியை நெட்டித் தள்ளிக்கொண்டு இறங்கியது. கூரையின் சாந்து, குழாயைச் சுற்றியிருந்த வெள்ளை உறை, எல்லாம் சேர்ந்து ஒரே புகை. டார்ச் எங்கோ உருண்டது. சத்தம் அடங்கிய பிறகும் நடை முழுவதும் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே? அண்ணே?"

"இங்கதான் இருக்கேன். வேற எங்க போவேன்."

டார்ச்சைத் தேடி எடுத்து அடித்தாள். ஹோரேஸ் தரையில் மல்லாந்து கிடந்தான். குழாயின் அறுந்த முனை அவனுடைய இடது கால் மேல், முட்டிக்குக் கீழே, உட்கார்ந்திருந்தது. மறுமுனை இன்னும் கூரையில் தொங்கியது. கால்சட்டை கறுப்பாக நனைந்துகொண்டு வந்தது. அவள் குழாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அது அவளைச் சட்டை செய்யவில்லை.

போனில் சிக்னல் இல்லை. "மேல போய் ஆம்புலன்சைக் கூப்பிடறேன்."

ஹோரேஸ் அவள் கோட்டைப் பிடித்தான். "வேண்டாம். ஆம்புலன்சு வந்தா கூடவே தீயணைப்பு, போலீசு. என்னையும் உள்ள வைப்பான், உன் கட்டடத்தையும் சீல் வைப்பான். நம்ம ரெண்டு வண்டியிலயும் ஜாக்கி இல்ல; எர்னஸ்டீன் வந்திருப்பா, அவ கார்ல இருக்கும். கொண்டா. ஒரு இஞ்சு தூக்கினாப் போதும், நான் இழுத்துக்குவேன்."

"ரத்தம் போகுதுண்ணே."

"என் ரத்தம். எனக்குத் தெரியும். போ."

அவள் தன் கழுத்துத் துணியைக் கழற்றி, முட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டு ஓடினாள்.

ஓடும்போதே மனசு இரண்டாகப் பிரிந்து பேசியது. அவனே சொல்கிறானே, கால் அவனுடையது. ஜாக்கியை வைத்துத் தூக்கினால் பத்தே நிமிஷம், பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம், யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், கறுப்பாக நனைந்த அந்தத் துணி. படியின் உச்சிக்கு வந்தபோது போனில் சிக்னல் கோடுகள் எழுந்தன. விரல் எண்களுக்கு மேல் நின்றது.

அப்போது முன்கூடத்திலிருந்து எர்னஸ்டீனின் குரல் கேட்டது. "இந்த மார்பிள் வெர்மான்ட்டுல இருந்து ரயில்ல வந்தது சார்."

எஞ்சினியர் முன்னதாகவே வந்துவிட்டார். பெக்மன் என்று பெயர், ஒல்லியான மனிதர், தலையில் மஞ்சள் தொப்பி. படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எர்னஸ்டீன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற ரோமத் தொப்பியோடு பக்கத்தில் நின்றாள். "ஏண்டி, மாவு மூட்டையில விழுந்தியா?" என்றாள் வெர்லீனைப் பார்த்து.

"கூரையில சாந்து கொட்டிச்சு," என்றாள் வெர்லீன்.

"கீழ்த்தளத்துலயா? பெரிய சத்தம் ஒண்ணு கேட்டுதே," என்றார் பெக்மன். "அதைத்தான் முதல்ல பார்க்கணும்."

"கீழ தண்ணி தேங்கியிருக்கு. மேல இருந்து ஆரம்பிங்களேன். மூணாவது மாடியில இப்ப நல்ல வெளிச்சம் இருக்கும்."

எவ்வளவு சுலபமாக வந்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவர்களை எத்தனை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவர்கள் தொண்டை அடைக்கும், தண்ணீர் கேட்பார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெக்மன் தோளைக் குலுக்கிவிட்டுப் படியேறினார்.

"கார் சாவியைக் குடு. ஜாக்கி வேணும்," என்றாள் எர்னஸ்டீனிடம், மெதுவாக.

"டயரா?"

"ம்."

எர்னஸ்டீன் ஒரு நொடி கூடுதலாகவே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

ஜாக்கி பின்பெட்டியில், விரிப்புக்கு அடியில், குழந்தைகளின் பழைய பனிச்சறுக்கு வண்டிக்குக் கீழே இருந்தது. அதை எடுக்கவே ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது. திரும்பிக் கீழே வந்தபோது ஹோரேஸின் உதடு வெளுத்திருந்தது. "எங்க போன, டெட்ராய்ட்டுக்கா," என்றான். பல் கிட்டியது.

அவள் மண்டியிட்டு, ஜாக்கியைக் குழாயின் அடியில் வைத்துக் கம்பியைச் சுற்றினாள். குழாய் முனகியது. ஒரு மயிரிழை எழும்பியது. "இன்னும். இன்னும் கொஞ்சம். வருது," என்றான் ஹோரேஸ். தரை வழுக்கல். உருண்டைக் குழாய், தட்டையான ஜாக்கி. அடுத்த சுற்றில் ஜாக்கி பக்கவாட்டில் பிடுங்கிக்கொண்டு பறந்து சுவரில் மோதியது. குழாய் மறுபடியும் இறங்கியது. இந்த முறை முழுக் கனத்தோடும்.

ஹோரேஸ் அலறினான்.

அந்த அலறல் நடையில் மட்டும் ஓடவில்லை. அறுந்த குழாயின் வாய்க்குள் புகுந்து, சுவருக்குள் ஏறும் குழாய்கள் வழியாக மேலே போய், மூன்றாவது மாடியில் ஜன்னலோரத்து ரேடியேட்டர்களில் வெளிப்பட்டது. தன் காலடியில் கட்டடமே கத்தின மாதிரி இருந்தது என்று எர்னஸ்டீன் பிறகு சொன்னாள்.

வெர்லீன் படியேறி ஓடினாள். அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மார்பிள் படிக்கட்டின் நடுவில் மூன்று பேரும் சந்தித்தார்கள்.

"என் அண்ணன். குழாய்க்கு அடியில கிடக்கான். முன்னாடியே கிடந்தான், நான்தான் சொல்லல. போன் பண்ணுங்க."

பெக்மன் எதையும் கேட்கவில்லை. நடந்துகொண்டே ஆம்புலன்சுக்குப் பேசினார். கீழே வந்ததும் முதலில் கூரையைப் பார்த்தார், பிறகுதான் ஆளை. "யாரும் அதுக்குக் கீழ நிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த மறுமுனைக்கு ஏணியை முட்டுக் கொடுத்தார். கோட்டைக் கழற்றி ஹோரேஸ் மேல் போர்த்தினார். எர்னஸ்டீன் ரம்பத்தைப் பார்த்தாள், சுவரோரத்து அடுக்கைப் பார்த்தாள், கடைசியாக வெர்லீனைப் பார்த்தாள். ரோமத் தொப்பியைக் கழற்றி ஹோரேஸின் தலைக்கு அடியில் வைத்தாள்.

"உன்னை ரேடியேட்டர்ல கட்டி வைப்பேன்னு சபையில சொன்னேன்," என்றாள் அவனிடம். "அதுக்குள்ள நீயே கட்டிக்கிட்டியே, மடையா."

"உனக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னுதான்," என்றான் ஹோரேஸ். பிறகு கண் சொருகியது. எர்னஸ்டீன் அவன் கன்னத்தில் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்தாள், தீயணைப்பு ஆட்கள் படியில் இறங்கும் சத்தம் கேட்கும் வரைக்கும்.

அவர்கள் குழாயை வெட்டி எடுத்து அவனை ஸ்ட்ரெச்சரில் கிடத்தும்போது ஒரு போலீஸ்காரர் வந்தார். இளைஞர், கையில் குறிப்பேடு. "இவர் யாரு? இங்க என்ன பண்ணினாரு?"

"என் அண்ணன்," என்றாள் வெர்லீன். "சாவி என்கிட்டதான் இருக்கு. குழாய் தொங்குது, எஞ்சினியர் வர்றதுக்குள்ள சரி பண்ணுன்னு நான்தான் வரச் சொன்னேன்."

அன்றைய தினத்தில் எத்தனையாவது பொய் அது? இது அண்ணனுக்காக என்று மட்டும் தோன்றியது அவளுக்கு.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை எழுந்தது. ஹோரேஸ் முகமூடியை மூக்கிலிருந்து நகர்த்தினான். "அவ சொல்றதை எழுதாதீங்க சார். யாரும் என்னை வரச் சொல்லல. நான் போட்ட குழாயை நானே எடுத்துட்டுப் போக வந்தேன். அப்படியே எழுதிக்குங்க."

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. திருட்டு கேசாயிடும்."

"ஆகட்டும். கேசுன்னா யாராவது கேப்பாங்கல்ல, ஏண்டா எடுத்தேன்னு."

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்சில் ஒருவருக்கு இடமிருந்தது. வெர்லீன் ஏறப்போனாள். ஹோரேஸ் எர்னஸ்டீனைக் கூப்பிட்டான்.

காலைக் காப்பாற்ற முடியவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலாவது நாள் ஆஸ்பத்திரியில் அவன் கேட்டான்: "மேல போய் என்ன பண்ணின, அவ்வளவு நேரம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். பெக்மனை மூன்றாவது மாடிக்கு அனுப்பியது, போன் கையில் இருந்தும் கூப்பிடாமல் நின்றது, எல்லாம்.

"நான்தானே வேண்டாம்னேன்," என்றான் அவன்.

"நீ சொன்னதுக்காக மட்டும் இல்லண்ணே."

"கட்டடத்துக்காக?"

"ஆமா."

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தாள். சொல்ல முடியாது என்றார் அவர். ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. ஹோரேஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வசந்தம் முடியும் வரைக்கும் அவன் அவளோடு பேசவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சோளரொட்டியும் கீரையும் எடுத்துக்கொண்டு போவாள். கதவு திறந்திருக்கும், டிவி ஓடும், பாத்திரம் காலியாகத் திரும்பி வரும். அவ்வளவுதான்.

வழக்கு ஜூனில் வந்தது. சாட்சிக் கூண்டு அவளுக்குத் தெரிந்த இடம்தான், ஆனால் எப்போதும் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவள். இப்போது அந்த நாற்காலியில் ஒரு சின்னப் பெண் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் வெர்லீன் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அண்ணனின் வக்கீல், "அந்தக் குழாயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "நாலு வருஷமா அந்தப் பள்ளிக்கூடத்தோட கதையை ஊரெல்லாம் சொன்னேன். எங்களுக்குக் குளிர் விட்டது எப்படின்னு ஒருநாளும் கேக்கல." பிறகு சொன்னாள். கணக்கு வகுப்பு, சனிக்கிழமைகள், இஸ்திரி போட்ட சட்டைகள். வசந்தம் முழுக்க வீடு வீடாகப் போய், அந்தப் பதினாலு பேரில் உயிரோடு இருந்த மற்ற நாலு பேரையும் தேடியிருந்தாள். ஒருவர் கதவையே திறக்கவில்லை. ஒருவர் அழுதார். இரண்டு பேர் அன்று கோர்ட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அம்மாள் கையை உயர்த்தி, "அவங்க முடிக்கட்டும்," என்றாள்.

திருட்டு திருட்டுதான் என்று தீர்ப்பு. ஜெயில் இல்லை, ஒரு வருடக் கண்காணிப்பு மட்டும். வெளியே தாழ்வாரத்தில் ஹோரேஸ் ஊன்றுகோலை ஊன்றி நின்று, மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினான். "வாத்தியார் பேரைத் தப்பாச் சொன்ன."

"நீ பேசியிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன்."

"அதுவும் சரிதான்," என்றான்.

பெக்மனின் அறிக்கை, கட்டடம் இன்னும் நூறு வருடம் தாங்கும் என்றுதான் சொன்னது. ஆனாலும் கம்பெனி பயந்துவிட்டது. குழாய் உறையின் ஆஸ்பெஸ்டாஸ் நச்சுத் தூசு, போலீஸ் கேசு, பத்திரிகையில் படம். வேறு யாரும் முன்வரவில்லை. எர்னஸ்டீன் அதை மன்னிக்கவில்லை. "பத்து நிமிஷம் முன்னாடி என்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா காலும் மிஞ்சியிருக்கும், பள்ளிக்கூடமும் மிஞ்சியிருக்கும்," என்றாள் ஒருமுறை. அதற்குப் பிறகு சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சங்கமும் வருடக் கடைசியில் கலைந்தது.

அடுத்த அக்டோபரில் இடித்தார்கள். ஹோரேஸ்தான் போகலாம் என்றான். தெருவின் எதிர்ப்பக்கம் வெர்லீன் காரை நிறுத்தினாள். வேலிக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலும் அழுகை, நடுநடுவே பழைய கேலிப்பேச்சு. தூண்கள் காலையிலேயே போய்விட்டிருந்தன. இயந்திரம் மேற்குக் கட்டின் சுவரைக் கவ்வி இழுத்தது. சுவர் ஒரு திரை மாதிரி மொத்தமாகச் சரிந்தது.

தூசு விலகியபோது தூக்கிப் பிடித்த போன்கள் இறங்கின. சுவருக்குள் இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்து மூன்று மாடி உயரத்துக்கு நீராவிக் குழாய்கள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. ஒவ்வொரு மாடியிலும் ஒரே உயரத்தில் பிரிந்து ஒவ்வொரு அறைக்கும் போயின. அத்தனை தரையும் கிழிந்து தொங்க, அவை மட்டும் அசையவில்லை.

"அது என்னது?" என்று வேலியோரம் ஒரு பெண் கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஹோரேஸ் கார்க் கண்ணாடியை இறக்கி வெகுநேரம் பார்த்தான். "நடுவுல இருக்கிறது என்னுது," என்றான். "பக்கத்துல இருக்கிறது வில்லிஸ் போட்டது. அவன் இல்ல இப்ப."

"துளிக் கோணல் இல்லையேண்ணே," என்றாள் வெர்லீன்.

"மூணாவது மாடியில கொஞ்சம் இருக்கு. உனக்குத் தெரியாது."

இயந்திரம் கையைத் திருப்பிக்கொண்டு மறுபடி வந்தது. முதல் குழாய் எளிதில் பெயரவில்லை. இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. அது வளைந்து முறிந்தபோது ஹோரேஸ் கண்ணாடியை ஏற்றினான்.

"போலாம். கால் குடையுது," என்றான். "இல்லாத கால்."

அவள் வண்டியைக் கிளப்பினாள்.